குருவி வீட்டுக்குச் சரி சொன்ன லாயர்

"தெரியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை வந்தது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவர் ஒரு லாயர். சிராங்கூன் ரோட்டை விட்டு உள்ளே ஒரு சந்து. ஒரு பக்கம் மளிகைக் கடை, மறுபக்கம் நகைக் கடை. நடுவில் மரப்படி. படி ஏறும்போது மிளகாய்த்தூள் வாசனையும் கூடவே ஏறும். மேலே போய்விட்டால் ஏர்கான் சத்தம் மட்டும்தான். வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். கழுத்துப் பட்டன் போட்டிருக்காது. காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு கோப்பிக் கோப்பை ஆறிப்போய் இருக்கும்.

அந்தப் படியை ஏறுவது கேஸ் இருக்கிறவர்கள் மட்டும் இல்லை. சும்மா கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் பட்டறை ஆட்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், எங்களை மாதிரி இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேலை பெர்மிட் விஷயம் கேட்பார்கள். பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். காது வலிக்கு எந்த டாக்டர் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். சும்மா கேட்பவர்களிடம் காசு வாங்க மாட்டார். வாழைப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போது ஒரு சீனக் கிழவர் வந்தார். சந்து முனையில் செருப்பு தைக்கிறவர் எங்கே போனார் என்று மலாயில் கேட்டார். இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கையை நீட்டி, அந்தப் பக்கம், இரண்டாவது சந்து, ஒரு படிக்கட்டுக்குக் கீழே என்று விவரமாகச் சொன்னார். கிழவர் போய்விட்டார்.

அவரிடம் ரொம்ப நாளாக வேலை செய்யும் கிளார்க் அக்கா தலையைத் தூக்கினார்.

"பாஸ், அந்த ஆளு எப்பவோ செத்துட்டாரு."

"அப்படியா?" என்றார். "அந்தப் பக்கம் வேற யாராச்சும் இருப்பாங்க லா."

இருந்திருக்கிறார்கள். கிழவர் தைத்த செருப்போடு திரும்பி வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். அவர் தப்பாகச் சொன்ன வழியில் போனாலும் எதுவோ ஒன்று கிடைத்தது. அதனால் யாரும் அவரைத் தப்பு சொல்லவில்லை.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. என் மனைவி செல்விக்குத் தேக்கா மார்க்கெட்டில் ஒரு தோசைக் கடையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவளுக்குக் கெண்டைக்கால் நரம்பு பச்சையாகச் சுருட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வந்தால் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாள். அப்படியே கதவு பக்கம் பார்த்து, "சோறு போட்டுக்குங்க," என்பாள்.

புக்கிட் மேராவில் வீடு மாற்றும்போதுதான் அவரிடம் முதலில் போனோம். ஆங்கிலக் காகிதம். எனக்குப் பாதி புரியாது, அவளுக்கு முழுசாகப் புரியாது. அவர் விளக்கினார்.

அவர் விளக்குவதைச் சொல்ல வேண்டும். ஆரம்பித்தால் நம்மைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்ப்பார். குரலை ஏற்ற மாட்டார், இறக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் ஏர்கான் சத்தமும் அவர் குரலும் ஒன்றாகிவிடும். அடமானம் என்பார். நமக்கு ஒரு வீடு தெரியும், அதில் விளக்கு எரியும். வாரிசு என்பார். யாரோ பிள்ளைகள் படியில் ஓடுகிற மாதிரி இருக்கும். பக்கம் பக்கமாகத் திருப்புவார். தண்ணீரில் படகு போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினோம்.

"தூங்கி எழுந்த மாதிரி இருக்கு," என்றாள் செல்வி.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எதுவாக இருந்தாலும் லாயர் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. காகிதத்தைப் படிக்க மாட்டோம். படித்தவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். அவர் தலையாட்டினால் காகிதத்தைப் படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் வாங்கும்போதுகூட அவரைக் கேட்டாள். அவர் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னார். அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது.

நல்ல மழை. கேட்க வந்தவர்களில் என்னைத் தவிர ஆள் இல்லை. கப்பல் பட்டறைப் பையன் ஒருவன் நனைந்துகொண்டே வந்தான். கையில் கட்டு. அடிபட்டதற்கான பணம் வருவதற்குள் பெர்மிட் முடிந்துவிடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டான். இவர் உடனே சொன்னார்.

"அனுப்ப மாட்டாங்க தம்பி. தைரியமா போங்க."

அவன் முகம் மாறியது. கும்பிட்டுவிட்டு இறங்கினான். அவன் தலை மறைந்ததும் இவர் ஃபோனை எடுத்தார். யாருக்கோ போட்டு அதையே கேட்டார். கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசினார். ஃபோனை வைத்துவிட்டு அக்காவிடம், "ஓடு ஓடு, அவன் இங்க தங்கறதுக்கு ஒரு பாஸ் எடுக்கணுமாம், சும்மா இருந்தா அனுப்பிடுவாங்களாம்," என்றார். அக்கா குடைகூட எடுக்காமல் படியில் ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் பிடித்துவிட்டார்.

"முதல்ல விசாரிச்சிட்டு அப்புறம் சொல்லலாமே சார்," என்றேன்.

அவர் மழையைப் பார்த்தார்.

"'தெரியாது'ன்னு சொன்னா அந்த மூஞ்சி என்ன ஆவும்னு பாத்திருக்கீங்களா தம்பி? படி ஏறி வந்திருப்பான். சொன்னதும் ஒரு மாதிரி தொங்கிப்போவும். என்னால பாக்க முடியல. பதிலை முதல்ல குடுத்துடறேன். விசாரிக்கறதை அப்புறம் விசாரிச்சுக்கறேன்."

எனக்கு அது நல்ல மனசாகத்தான் பட்டது. இப்போதும் அதைக் கெட்ட மனசு என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் குருவி வீடு வந்தது.

பாலம் தாண்டி அடுத்த நாட்டில், ஜோகூர் பக்கம், ஜன்னல் இல்லாத கட்டடங்கள் இருக்கும். உள்ளே சின்னச் சின்னக் குருவிகள் வந்து கூரையில் கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள். நல்ல விலை. கட்டடத்தில் ஒரு பங்கு வாங்கிப் போட்டால் மாதா மாதம் வரும் என்று ஒரு கம்பெனிக்காரன் வந்தான். ஒரு ஹாலில் கூட்டம் போட்டு வீடியோ காட்டினான்.

அந்த வீடியோ எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சாயங்காலம். வானம் மஞ்சள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம். அதைச் சுற்றிப் புகை மாதிரி குருவிகள். சுற்றிச் சுற்றி, ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு அதுகளைக் கூப்பிடுகிறார்களாம். விமான நிலையத்தில் எங்களுக்குப் பறவை என்றால் ஆகாது. வெடிச் சத்தம் போட்டு விரட்டுவார்கள். அங்கே பாட்டுப் போட்டு அழைக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யார் என்ன நினைத்தாலும் சரி, எனக்குப் பிடித்தது காசு இல்லை. அந்தக் குருவிகள்தான்.

செல்வி வேறு கணக்குப் போட்டாள். மாதா மாதம் வந்தால் வேலையை விட்டுவிடலாம். உட்காரலாம்.

"எத்தனை வருசம் நின்னாச்சு," என்றாள். "குருவி கூடு கட்டட்டும். நான் உக்காந்துக்கறேன்." உடனே, "லாயர் சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு," என்றாள்.

அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஒப்பந்தக் காகிதத்தைக் கொடுத்தோம். இது வீடு வாங்குகிற மாதிரி விஷயம், ஃபீஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செல்வி கட்டாயப்படுத்தினாள். வேண்டாம் என்றார். விடவில்லை. அக்கா வாங்கிக்கொண்டார்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். பங்கு என்றார், பராமரிப்பு என்றார், அறுவடை என்றார். மதிய நேரம். அந்த அறையிலேயே குருவி பறக்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஒன்று மட்டும் தட்டியது.

"நிலம் யாரு பேர்ல சார்?"

கம்பெனி கொடுத்த நிலப் பத்திர நகல் ஒன்று அந்தக் காகிதக் கட்டுக்குள் இருந்தது. அதைத் தொட்டார். "கம்பெனி பேர்லதான்."

"நல்லா பாத்துட்டீங்களா சார்?" என்று செல்வி கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் காலையும் பார்த்திருப்பார். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மறுகாலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாச்சும்மா. தைரியமா போங்க."

சேமித்ததெல்லாம் போட்டோம். எங்களை மாதிரி அந்தப் படி ஏறிய இன்னும் சில குடும்பங்களும் போட்டன.

கொஞ்ச நாள் பணம் வந்தது. அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவு வரும். ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு குருவி வீட்டுக்குள் போகிறேன். ஒரே இருட்டு. கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கூடு. சத்தம் வராமல் ஓட்ட வேண்டும் என்று மெதுவாகப் போகிறேன். போய்க்கொண்டே இருக்கிறேன். சுவர் வரவே வராது.

பிறகு வருவது நின்றது. ஃபோன் போட்டால் எடுப்பாரில்லை. ஒரு ஓய்வு நாளில் நானும் செல்வியும் பாலம் தாண்டிப் பஸ் மாறி மாறிப் போனோம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் அந்தக் கட்டடம் நின்றது. வீடியோவில் பார்த்த அதே கட்டடம். காவலுக்கு ஒரு தமிழ் ஆள் இருந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"இது எங்க முதலாளியோடது. நிலமும் அவருதுதான். அந்தக் கம்பெனிக்காரன் வந்து படம் புடிச்சிட்டுப் போனான். அவ்ளோதான் அவனுக்கும் இதுக்கும்."

"எங்களை மாதிரி வேற யாராச்சும் வந்தாங்களா?"

"வாரா வாரம் வராங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது. குருவிகள் வந்தன. புகை மாதிரி சுற்றின. ஒவ்வொன்றாக உள்ளே போயின. நாங்கள் வந்த வேலையை மறந்து நின்றோம். ஒலிபெருக்கி கீச்சு கீச்சு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"குருவி நிஜந்தான்," என்றாள் செல்வி.

மறுநாள் நேராக லாயர் சாரிடம் போனோம். அவர் அதிர்ச்சி காட்டவில்லை. விளக்கினார். இது தற்காலிகம் என்றார். கம்பெனிக்கு வேறு சொத்து இருக்கும், கோர்ட் பிடித்து வைக்கும், பிரித்துக் கொடுப்பார்கள் என்றார். வெகுநேரம் சொன்னார். கேட்கக் கேட்க மனசு லேசானது. படி இறங்கிக் கீழே வந்து நின்றோம்.

"இப்ப என்னங்க சொன்னாரு?" என்றாள் செல்வி.

யோசித்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

அடுத்த தடவை போனபோது அவர் உள்ளே வேறு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். கிளார்க் அக்கா எங்களைப் படிக்கே கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, வேற லாயரைப் பாருங்க."

"கம்பெனிக்காரன் ஓடிட்டானே அக்கா. யாரு மேல கேஸ் போடறது?"

அக்கா உள்ளே கையைக் காட்டினார்.

"சார் மேலயா?" என்றாள் செல்வி. "என்னக்கா நீ."

"அவரு அந்த நிலத்தைப் பத்தி விசாரிக்கவே இல்ல. ஜோகூர் லாயருக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கணும். எப்பவும் நான்தான் போடுவேன். இதுக்குப் போடச் சொல்லல. அப்புறம் அப்புறம்னாரு." அக்கா குரலைத் தாழ்த்தினார். "லாயருங்க எல்லாம் இன்சூரன்ஸ் கட்டணும். இந்த மாதிரி தப்புக்குத்தான் கட்டறது. வருசா வருசம் நான்தான் அனுப்பறேன். சும்மாவா கட்டறாரு?"

செல்விக்கு மனசே இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு கடையிலிருந்து வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்தவள், அப்படியே கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"போடுங்க."

புது லாயர் ஒரு சின்னப் பெண். ஆபீஸ் நகரத்துக்குள் உயரமான கட்டடத்தில். நாங்கள் அவளை மிஸ் என்போம். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துப் பேசினாள். தெரியாததைத் தெரியாது என்றாள். முதலில் எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

லாயர் சாருக்கு எங்கள் நோட்டீஸ் போனது. அடுத்த வாரமே வழியில் அவரைப் பார்த்துவிட்டோம். நகைக் கடை வாசலில், மழைக்கு ஒதுங்கி. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர்தான் கூப்பிட்டார்.

"வாங்கம்மா. நல்ல லாயர்கிட்டதான் போயிருக்கீங்க. கெட்டிக்காரப் பொண்ணு."

செல்விக்குப் பழக்கம் விடவில்லை. வாயில் வந்துவிட்டது.

"கேஸ் என்னாகும் சார்?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்னால் லாயருக்குக் கடமை உண்டு என்றார். நிலத்தை விசாரிப்பது அடிப்படை என்றார். அவர் மேலேயே நாங்கள் போட்ட கேஸை, யாரோ ஒருவர் கேஸ் மாதிரி அழகாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். கடைசியில், "ஜெயிச்சிடுவீங்கம்மா. தைரியமா போங்க," என்றார்.

நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். எம்ஆர்டி ரயிலில் ஏறின பிறகுதான் செல்வி சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அவரே இன்சூரன்ஸ் ஆட்கள் கேட்டபோது வேறு சொல்லியிருக்கிறார். ஜோகூரில் ஒருவரிடம் ஃபோனில் விசாரித்தேன், சரி என்றார்கள் என்று சொல்லியிருக்கிறார். யாரிடம் என்றால் பெயர் இல்லை. மிஸ் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் புரிந்தது. எங்களுக்கு எங்கள் மூஞ்சி தொங்காத பதில். அவர்களுக்கு அவர்கள் மூஞ்சி தொங்காத பதில்.

மிஸ் எங்களுக்கு எளிதாகச் சொன்னாள்.

"அவர் விசாரிச்சிருந்தா அவர் மேல தப்பு இல்ல. இன்சூரன்ஸ் குடுக்காது. விசாரிக்காமலே விசாரிச்சேன்னு தெரிஞ்சே பொய் சொன்னார்னா அது ஏமாத்து. அதுக்கும் இன்சூரன்ஸ் குடுக்காது. விசாரிக்கணும்னு இருந்தேன், விட்டுட்டேன், அந்த நகலை நம்பிச் சொல்லிட்டேன்னு அவர் வாயால வந்தாதான் அது கவனக்குறைவு. அதுக்குத்தான் குடுக்கும்."

"அப்போ அவரு நல்ல லாயரா இருந்தாலும் காசு இல்ல," என்றாள் செல்வி. "ஃப்ராடா இருந்தாலும் காசு இல்ல. கவனம் இல்லாதவரா இருக்கணும்."

"அதேதான் ஆன்ட்டி."

"அவரு அதைச் சொல்லணும்."

"ஆமா."

"சொல்ல மாட்டாரு," என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

சமரசப் பேச்சு ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. பெரிய மேசை. கீழே ரொம்பத் தூரத்தில் கடலும் கப்பலும். சத்தமே இல்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் லாயர் சார். அன்று கழுத்துப் பட்டன் போட்டிருந்தார். பக்கத்தில் இன்சூரன்ஸ்காரர்களின் லாயர், ஒரு சீனர். அவர் ஆங்கிலத்தில் பேசினார். மிஸ் தமிழில் சொன்னாள். இவர் ஆபீஸுக்குத் தினமும் ஆட்கள் சும்மா வந்து பேசுவார்கள், பழம் கொடுப்பார்கள், நாங்கள் கொடுத்த ஃபீஸும் அப்படித்தான், அது நட்பு, அது சட்ட ஆலோசனை ஆகாது என்றாராம்.

செல்வி நிமிர்ந்தாள்.

"சும்மா பேசறதுக்கு நான் எதுக்கு சார் கடைக்கு லீவு போடணும்? எனக்கு லீவு போட்டா சம்பளம் இல்ல."

மிஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சீனர் எதையோ எழுதிக்கொண்டார். அதற்குமேல் செல்வி அவரைப் பார்க்கவில்லை. லாயர் சார் பக்கம் திரும்பினாள்.

"சார். நான் உங்களைத்தான் கேக்கறேன். அன்னிக்கு அந்த நிலம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சீனர் அவர் சட்டைக் கையைத் தொட்டு ஏதோ சொன்னார். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லியிருப்பார். லாயர் சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு வெளியே வெயில். எனக்குத் தெரிந்த அந்தக் குரல் இப்போது ஆரம்பிக்கும் என்று இருந்தேன். ஆரம்பித்தால் எல்லோரும் மயங்கிவிடுவோம். நாங்கள் இறங்கிப் போய்விடுவோம். செல்வி நாளைக் காலை கல்லுக்கு முன்னால் நிற்பாள். அடுத்த வருசமும் நிற்பாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். இந்தப் பக்கம் திரும்பிச் செல்வியைப் பார்த்தார்.

"தெரியாதும்மா."

சீனர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கம்பெனிக்காரன் குடுத்த நகலைத்தான் பாத்தேன். அது நிஜமான்னு எனக்குத் தெரியாது. அப்புறம் விசாரிக்கலாம்னு இருந்தேன். விட்டுட்டேன். தெரியாமத்தான் சொன்னேன்."

சொல்லும்போது அவர் கண்ணை எடுக்கவில்லை. எந்த மூஞ்சியைப் பார்க்க முடியாது என்று சொன்னாரோ, அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். செல்வியின் மூஞ்சி தொங்கவில்லை. ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். அதை அவர் பார்த்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீனர் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேரம் பேசினார்கள். நாங்களும் நிலம் யாருடையது என்று பார்த்திருக்கலாம் என்றார்கள். பாதி வந்தது. மிஸ் இன்னும் இழுக்கலாம் என்றாள். செல்வி போதும் என்றாள்.

பாதிப் பணத்துக்குப் பாதி வேலை. கடை முதலாளியம்மாவிடம் போய், இனிமேல் காலையில் மட்டும் என்று சொன்னாள்.

"ஏண்டி, லாட்டரி விழுந்துச்சா?"

"பாதி விழுந்துச்சு அக்கா."

மதியம் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் காலை ஷிஃப்ட் முடிந்து போனால் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருப்பாள். காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருப்பாள். கீழே பிளாக்கில் யாரோ மிளகாய் வதக்குவார்கள். விமானம் ஒன்று சின்னதாகப் போகும். அவள் எதையும் செய்ய மாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் அவளோடு பேசுவதில்லை.

லாயர் சார் ஆபீஸை மூடிவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை என்று அக்கா சொன்னார். ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார் என்றும் சொன்னார். மரப்படியில் இப்போது அழகுநிலையம் போர்டு.

ஒரு நாள் காலை செல்வி வேலைக்குப் போனதும் முதலாளியம்மா சொன்னாராம்.

"நேத்து மத்தியானம் உன் லாயர் வந்தாரு. தோசை கேக்கல. உன்னைத்தான் கேட்டாரு. மத்தியானத்துல இப்ப நிக்கறதில்ல, வீட்டுல உக்காந்திருப்பான்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டாரு. கொஞ்ச நேரம் கல்லையே பாத்துட்டு நின்னாரு. போயிட்டாரு."

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். காலை வைக்கவில்லை.

"காலையில வந்திருக்கலாம்ல," என்றாள்.

அந்த வாரம் முழுக்க மத்தியானமும் கடையிலேயே நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. சம்பளமும் கேட்கவில்லை. சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு வந்து படுப்பாள்.

அவர் வரவில்லை.